இருபத்தைந்தாவது அட்டை

எங்கள் விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் ஆண்டு மலரில் என் சகலையைப் பற்றி ஒரு பக்கம் வர வேண்டுமாம். எழுதித் தர என்னைத்தான் கேட்டார்கள். "சொந்தக்காரங்க எழுதினா உயிரோட்டமா இருக்கும் சார்" என்றார் மலர்க் குழுவில் இருக்கும் குமாஸ்தா. அவனைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத இந்த உலகத்திலேயே அதிகம் திண்டாடும் ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அவனிடம் குறை இருப்பதால் இல்லை. தேடித் தேடியும் கிடைக்காததால்.

மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடமை உணர்ச்சி, அமைதியான சுபாவம், அயராத உழைப்பு, எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். இது அந்தப் பக்கம் இல்லை. அதில் எழுத முடியாமல் போனது இது.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே ரேடார் அறை. குடியிருப்பதும் ஒரே கட்டடம்: நான் இரண்டாம் மாடி, அவன் மூன்றாம் மாடி. காலையில் கண் விழித்தால் என் தலைக்கு நேர் மேலே அவன் நடக்கும் சத்தம் கேட்கும். அந்த நடை வேறு அவ்வளவு மெதுவாக இருக்கும். 'தடதடன்னு நடக்காதே' என்று சண்டை போடக்கூட வழியில்லை.

ரேடார் அறையில் அவனுக்குப் பெயர் 'சதவீதம்'. அவன் முதலில் வானிலை அலுவலகத்தில் இருந்தவன். காலையும் மாலையும் பலூன் பறக்கவிட்டு, மேலே காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று குறித்துக்கொடுக்கும் வேலை. ஐந்து வருடம் பலூனைப் பார்த்துப் பார்த்து, எதையும் உறுதியாகச் சொல்லும் பழக்கமே அவனுக்கு விட்டுப்போனது. அப்புறம் தேர்வு எழுதி எங்கள் பக்கம் வந்தான். "குடை எடுத்துட்டுப் போகணுமாப்பா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று வாயில் வராது. "நாப்பது சதவீதம் அண்ணா" என்பான். குடையைத் தூக்குவதா வேண்டாமா என்பது நம் தலையெழுத்து.

இந்த ஆளை என் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? நான்தான். 'நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது, என் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பான்' என்று சொல்லி வரன் கொண்டுபோனவன் நான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேன் என்று வையுங்கள். மாமனார் அவனை உட்கார வைத்து, "என் பொண்ணை நல்லா வச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். இவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தொண்ணூறு சதவீதம் வச்சுக்குவேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மீதி பத்து?" என்றார். "அது அவங்க கையில இருக்கு." மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மடியில் ஏறி உட்கார்ந்தவனை இன்றுவரை கீழே இறக்கவில்லை. அதே கேள்விக்கு ஒன்பது வருடம் முன்னால் "நூறு சதவீதம் மாமா, கவலையே படாதீங்க" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னவன் நான். அது யாருக்காவது நினைவிருக்கிறதா?

பொறாமைதான். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அவனுக்கு இன்னும் தலை நிறைய முடி. அவன் வீட்டுக் குழாய் ஒழுகாது. மாமியார் எனக்கு ஒரு தடவைதான் பரிமாறுவார், அவனுக்குக் கேட்காமலேயே இரண்டாவது தடவை. என் மனைவி எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் மூன்றாம் மாடிக்குத்தான் போய்ச் சேருவாள். கொஞ்ச நாளாக அவன் ஒரு புதுப் பழக்கம் வேறு வைத்துக்கொண்டிருந்தான். என்னோடு பேச வந்தால் சுற்றிக்கொண்டு வந்து என் வலப் பக்கம் நின்றுதான் பேசுவான். அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். வானத்தில் ஒரு பகுதியைப் பிரித்து ஆளுக்கொரு திரை கொடுத்திருப்பார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் செக்டர். அதற்குள் வரும் விமானங்கள் ஒன்றை ஒன்று நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே உயரத்தில் போகும் இரண்டுக்கு நடுவே ஐந்து கடல் மைலாவது இருக்க வேண்டும். பழைய திரையில் ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் ஒரு கோடு ஓடும். இரண்டு கோடுகள் கிட்டே வருவதாகப் பட்டால் நான் உடனே ஒன்றைத் திருப்பிவிடுவேன். சந்தேகத்துக்கு என்னிடம் இடமே கிடையாது. இருபத்து மூன்று வருடத்தில் என் திரையில் ஐந்து மைல் ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதாக இல்லை.

பிறகு புதுத் திரை வந்தது. அதில் கோடு கிடையாது. விமானத்துக்கு முன்னால் ஒரு வெளிர் கறை மாதிரி தெரியும், போகப் போக அகலமாகும். காற்று முன்னே பின்னே இருக்கலாம், பைலட் வேகம் கூட்டலாம் குறைக்கலாம், அதனால் இருபது நிமிடம் கழித்து விமானம் இதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தம். இரண்டு கறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஓரத்தில் ஓர் எண் வரும். பதினைந்து சதவீதம், முப்பது சதவீதம் என்று. நாமாக எதுவும் செய்யாமல் விட்டால் ஐந்து மைலுக்குள் நெருங்கிவிட அவ்வளவு வாய்ப்பு. எண் சின்னதாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். எண் ஏறினால் அப்போது திருப்ப வேண்டும். பழைய ஆட்களெல்லாம் இதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் பிறந்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி போய் உட்கார்ந்தான்.

இந்தத் திரையைச் சொல்லிக்கொடுக்க மையத்துக்கு ஒரு முதன்மைப் பயிற்சியாளர் தேவை என்று அறிவிப்பு வந்தது. இடம் ஒன்றே ஒன்று. அது எனக்கு ஏன் வேண்டும் என்பது என் மனைவிக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு இடது காது போய்க்கொண்டிருந்தது. "அடுத்த வருஷச் சோதனையில தேற மாட்டீங்க சார்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் ரேடார் அறைக்குள் கால் வைக்க முடியாது. கீழ்த்தளத்தில் பயணத் திட்டப் பிரிவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்க்க வேண்டியதுதான். பயிற்சியாளருக்குக் காதுச் சோதனை கிடையாது. அந்த இடம் கிடைத்தால் நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையிலேயே இருக்கலாம்.

அறிவிப்பு வந்த அன்று மாலை சகலை படி இறங்கி வந்தான். என் வலப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணா, அந்த இடத்துக்கு என்னையும் விண்ணப்பம் போடச் சொல்றாங்க. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்."

காதைப் பற்றிச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இவனிடம் போய்ப் பிச்சை கேட்பதா என்று ரோஷம் வந்தது. "தாராளமா போடு தம்பி. போட்டின்னு வந்துட்டா அண்ணன் என்ன, தம்பி என்ன" என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். உள்ளே இருந்து வந்த என் மனைவி, "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டாள். எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கெட்ட காதுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு.

தேர்வு ஐந்து நாள், பாவனை அறையில். அங்கே திரை நிஜத் திரை மாதிரியே இருக்கும், விமானம் எதுவும் நிஜமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் ஒலிவாங்கியோடு உட்கார்ந்து பைலட் குரலில் பதில் சொல்வார்கள். கிழக்குச் செக்டர் எனக்கு, மேற்கு அவனுக்கு. என் பகுதியைக் கடக்கும் விமானங்கள் அவனிடம் போய்ச் சேரும். பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

தேர்வை நடத்த வந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'கணக்கு மேடம்'. வேலையில் எவ்வளவு சுத்தம் என்பதற்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி அட்டைக்கு. இரண்டு விமானங்கள் குறுக்கே வருவதைப் பார்த்ததும், இயந்திரம் எண் காட்டுவதற்கு முன்னால், நம் மனதில் படும் சதவீதத்தை ஓர் அட்டையில் எழுதி நடுவில் இருக்கும் தட்டில் போட வேண்டும். எழுதியதில் எத்தனை நடந்தது என்று கடைசியில் எண்ணிப் பார்ப்பார்கள்.

நான் எழுதியதெல்லாம் இரண்டே இரண்டு எண்கள். பூஜ்யம், இல்லாவிட்டால் நூறு. மோதும் என்றால் மோதும், இல்லையென்றால் இல்லை. நடுவில் என்ன வழவழ கொழகொழ? அவனோ ஏழு என்று எழுதுவான், பன்னிரண்டு என்று எழுதுவான், முப்பத்தைந்து என்று எழுதுவான். எல்லாவற்றையும்விட அதிகமாக எழுதியது நான்கு. ஓரளவு தள்ளிப் போகிற ஜோடியைப் பார்த்தால் தாடையைத் தடவிவிட்டு 'நான்கு' என்று எழுதித் தட்டில் போடுவான். அட்டையை மறைத்து எழுதவும் அவனுக்குத் தெரியாது. எல்லாம் எனக்குத் தெரிகிற மாதிரியே எழுதுவான்.

நான்காம் நாள் மாலை அதுவரை வந்த மதிப்பெண்களைப் பலகையில் ஒட்டினார்கள். நான் அரை மதிப்பெண் முன்னால் இருந்தேன்! என் நூறுகளில் பாதி பொய்த்துப்போய் அட்டையில் அடி வாங்கியிருந்தேன். ஆனாலும் வேலைச் சுத்தத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனுடைய தாளில் எல்லா வரிசையும் பச்சை. நான்கு சதவீதம் என்ற வரிசைக்கு எதிரில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. '20 அட்டைகள்' என்று எழுதி, அதன் பக்கத்தில் அந்தப் புள்ளி.

அந்தப் புள்ளியை நான் பார்த்த பார்வையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆக, இவனுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது! நான்கு என்று எழுதுகிற இடத்தில்தான் இவன் தடுமாறுகிறான். அதற்கு மேல் நான் எதையும் படிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மேலே அவன் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். என் மனசுக்குள் ஒரே ஓர் எண்ணம் ஓடியது. நான்கு என்று இவன் எழுதிய ஒரு ஜோடி, ஒரே ஒரு ஜோடி, நிஜமாகவே நெருங்கிவிட்டால் போதும். மானம் கப்பலேறிவிடும்.

ஐந்தாம் நாள் காலை அவன் மேலும் நான்கு தடவை நான்கு எழுதினான். நான்கும் ஒழுங்காக விலகிப் போயின. கடைசிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. என் செக்டரில் இருந்து மேற்கே ஒரு விமானம், அவன் செக்டரில் தெற்கிலிருந்து வடக்கே ஒன்று. இருபது நிமிடத்தில் ஒன்பது மைல் இடைவெளி விட்டுக் குறுக்கே தாண்டும். அவன் தாடையைத் தடவினான். நான்கு. அட்டை தட்டில் விழுந்தது.

மேற்கே போகிற விமானம் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதன் வேகத்தை மணிக்குப் பதினெட்டு மைல் கூட்டினால் இருபது நிமிடத்தில் ஆறு மைல் முன்னால் போயிருக்கும். குறுக்குப் பாதைக்கு அதைக் கணக்குப் பண்ணினால் ஒன்பது மைல் நாலரைக்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்று யாரும் எழுப்பவில்லை, நானாகவேதான் சொல்லிக்கொண்டேன். ஒலிவாங்கியை அழுத்தி வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பைலட் குரலில் "கூட்டுகிறேன்" என்று திருப்பிச் சொன்னாள். கூடின வேகத்தோடு விமானத்தை அவனிடம் ஒப்படைத்தேன். பாவனை விமானம்தானே, யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் திரையில் எண் ஏறியது. பதினொன்று, இருபத்தெட்டு, ஐம்பது, எழுபத்தொன்று. அவன் பதறவில்லை. எட்டு நிமிடம் இருக்கும்போது தெற்கே இருந்து வந்ததை லேசாக இடது பக்கம் திருப்பினான். இரண்டும் சுத்தமாக விலகிப் போயின. திருப்பாமல் விட்டிருந்தால் நாலரை மைல் என்று இயந்திரம் பதிவு செய்துகொண்டது. அதாவது நான்கு என்று அவன் எழுதியது நடந்துவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு குளிர்ந்திருந்தது.

"என்ன தம்பி, நாலு சதவீதம்னு எழுதினியே?" என்றேன் பெருந்தன்மையாக.

"ஆமாண்ணா" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். முதலிடம் அவனுக்கு. அவன் தாளில் சிவப்பே இல்லை. நான்கு சதவீத வரிசையும் பளிச்சென்று பச்சையாக இருந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நேராகக் கணக்கு மேடத்தின் மேசைக்குப் போனேன். "மேடம், அவன் நாலு போட்டது நேத்து நடந்துடுச்சே! அது தப்புதானே?"

அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "நாலு சதவீதம்னா என்ன சார் அர்த்தம்? இருபத்தஞ்சு தடவை எழுதினா ஒரு தடவை நடக்கணும். அவர் இருபத்து நாலு தடவை எழுதியும் ஒண்ணுகூட நடக்கலை. தேவைக்கு மேல பயப்படறார்னு மதிப்பெண்ணைக் குறைச்சு வச்சிருந்தேன், அதுதான் அந்தச் சிவப்பு. இருபத்தஞ்சாவது நடந்துடுச்சு. இருபத்தஞ்சுல ஒண்ணு. இவ்வளவு கச்சிதமா நான் யார்கிட்டயும் பார்த்ததில்லை."

அவனைக் கவிழ்க்கிறேன் என்று போய், அவனுக்கு இல்லாமல் இருந்த ஒன்றை என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வரன் கொண்டுபோனது போதாது என்று இது வேறு!

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாலையில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் திரையில் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். இருபத்தைந்தாவது அட்டை வந்ததும் கணக்கு மேடம் ஓட்டத்தை நிறுத்தினார்.

"இங்க வேகத்தைக் கூட்டச் சொல்லியிருக்கீங்களே சார், எதுக்கு?"

"வரிசை போட, பின்னாடி வர்றதுக்கு இடம் விட" என்றேன்.

"பின்னாடி வேற விமானமே இல்லையே."

பயிற்சியாளர் இடம் ஏற்கெனவே போய்விட்டது, நடந்ததைச் சொன்னால் மீதி இருக்கிற ஒரு வருடமும் போய்விடும். தேர்வில் கள்ளம் செய்தவனை ரேடார் முன்னால் எவன் உட்கார வைப்பான்? சகலை திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நேர்லயும் இப்படித்தான் நடக்கும் மேடம். பக்கத்து செக்டர்ல இருந்து காரணமே இல்லாம ஏதாவது மாறி வரும். அதையும் சேர்த்துத்தான் நான் நாலு போட்டேன்."

கணக்கு மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்தது. 'பக்கத்து செக்டரின் நடத்தையையும் கணக்கில் கொள்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

வண்டி நிறுத்துமிடம்வரை இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தோம். என் வண்டி சாவியைத் திருப்பினால் மூன்றாம் தடவைதான் கிளம்பும். அன்று நான் திருப்பவே இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவன் சுற்றிக்கொண்டு வந்து என் வலப் பக்கம் நின்றான்.

"தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்ணா."

"எப்ப?"

"நீங்க மைக்கை அழுத்தும்போதே."

"அங்க சொன்னியே, நாலு சதவீதத்துல என்னையும் சேர்த்தேன்னு. என்னைக் காப்பாத்தச் சொன்னதா?"

அவனுக்குப் பொய் வராது. "இல்லண்ணா. நிஜமாவே சேர்த்திருந்தேன். காத்துக்கு ரெண்டு, உங்களுக்கு ரெண்டு."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அப்படியானால் முதல் நாளே என்னைப் பற்றி இவன் தெரிந்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் தாடையைத் தடவிக்கொண்டு என்னையும்தான் அளந்திருக்கிறான்.

"அப்படின்னா நான் அயோக்கியன்னு உனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"ரெண்டுன்னா அயோக்கியனா அண்ணா? இருபத்து நாலு தடவை உங்க கையில விமானம் இருந்துச்சு. இருபத்து நாலு தடவை நீங்க செய்யலை. அதையும் நான்தானே எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எனக்குக் காது போகுதுப்பா. இடது காது" என்றேன்.

"தெரியும்ணா. ஆறு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா விண்ணப்பம் போட்டே?"

"கேக்கத்தானே வந்தேன்? நீங்க அன்னிக்குச் சொல்லிடுவீங்கன்னு எண்பது போட்டிருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன். அந்தக் கணக்குதான் எனக்குத் தப்பாப் போயிடுச்சு."

அவன் குரலில் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு மனத்தாங்கலைக் கேட்டேன். கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது கோபமில்லை. பதினான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு காதைப் பற்றிக்கூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா என்கிற வருத்தம்.

இப்போது நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். காதுச் சோதனையில் மருத்துவர் சொன்ன வாக்கு பலித்துவிட்டது. மேலே சகலை புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறான் என்று கேள்வி. கேட்டால் இன்றைக்கும் எரிகிறது. மாமியார் இன்றைக்கும் அவனுக்கு இரண்டு தடவை பரிமாறுகிறார். மனிதன் ஒரே நாளில் திருந்திவிட இது என்ன, ஆண்டு மலரா?

ஆனால் அன்று வண்டிப் பக்கத்தில் நான் கடைசியாகக் கேட்டது ஒன்று இருக்கிறது. "இனிமே எனக்கு எவ்வளவு போடுவே?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் 'விடுங்கண்ணா, அதையெல்லாம் போய்' என்று சொல்லித் தோளைத் தட்டியிருப்பார்கள். அவன் நிஜமாகவே யோசித்தான். தாடையைத் தடவினான்.

"இருபத்தஞ்சுல ஒண்ணு ஆயிடுச்சு. நாலு போடணும்ணா."

"நாலு போதுமா?"

"அதுக்கு மேல போட்டா பொய்யாயிடும்" என்றான். பிறகு கையை நீட்டிச் சாவியை வாங்கி, மூன்று தடவை திருப்பி, என் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான்.

வீடுவரை அந்த நான்கைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அந்த அட்டையை என்னிடம் கொடுத்து, நான் கள்ளம் செய்வேனா என்று என்னையே எழுதச் சொல்லியிருந்தால், நான் முதல் நாளே நூறு என்று எழுதித் தட்டில் போட்டிருப்பேன்.